சிவப்புப் பூ குத்திக்கொண்டே போரைத் திட்டுகிறார்களே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. நவம்பர் 11 அன்று அலுவலகத்தில் எல்லாரும் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு, காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அதே ஆட்கள் மதியம் சாப்பிடும்போது, ஈராக் போர் பெரிய தப்பு, அன்றைய பிரதமர் டோனி பிளேர் நாட்டையே ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தார்கள். இவர்கள் ராணுவத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா? வெளியூரிலிருந்து வந்த நாம் இதில் வாய் திறக்கலாமா?

இதே குழப்பம் எனக்கும் இருந்தது. நான் நாகர்கோவிலிலிருந்து 2001-ல் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தவள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிளேர் அரசு ஓர் ஆவணம் வெளியிட்டது. உத்தரவு வந்த 45 நிமிடத்தில் ஈராக் அதிபர் சதாம் உசேனால் ரசாயன, உயிரியல் ஆயுதங்களை ஏவத் தயாராக முடியும் என்று அதில் இருந்தது. மறுநாள் வார்டில் எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் அந்தச் செய்திதான். நானும் நம்பினேன். ஓர் அரசாங்கம் இவ்வளவு பெரிய விஷயத்தை ஆதாரம் இல்லாமலா எழுதும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தார். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில். 2003 தொடக்கத்தில் அவனைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் ஒருநாள் அந்த அம்மா கதவைத் தட்டி, "சனிக்கிழமை உனக்கு லீவா? ஊர்வலத்துக்குப் போகிறேன், கூட வருகிறாயா?" என்றார். எனக்கு விசா பயம். அதைவிட, மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு இவர் எப்படிப் போரை எதிர்த்து நடப்பார் என்பதுதான் புரியவில்லை. கேட்டே விட்டேன். "அவன் சீருடை போட்டிருக்கிறான், போ என்றால் போக வேண்டும். அவனால் கேட்க முடியாததை நான்தானே கேட்க வேண்டும்?" என்றார். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அப்படித்தான் 2003 பிப்ரவரி 15 அன்று நானும் நடந்தேன். எலும்பு வரை ஏறும் குளிர். எம்பாங்க்மென்டிலிருந்து ஒரு கூட்டம், கோவர் தெருவிலிருந்து இன்னொரு கூட்டம். இரண்டும் பிக்கடில்லி சர்க்கஸில் கலந்து ஹைட் பார்க் போய்ச் சேர்ந்தன. புல்தரை கெட்டுவிடும் என்று சொல்லி அந்தப் பூங்காவைத் தர அமைச்சகம் முதலில் மறுத்திருந்தது, பிறகுதான் இறங்கி வந்தது. வந்தவர்கள் ஏழரை லட்சம் என்றது போலீஸ், நடத்தியவர்கள் இருபது லட்சம் வரை சொன்னார்கள். எண் எதுவானாலும், என்னைச் சுற்றி இருந்தவர்கள் கட்சிக்காரர்கள் மாதிரித் தெரியவில்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், தேவாலயத்துக் குழுவினர், பள்ளிவாசலிலிருந்து குடும்பமாக வந்தவர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர்வலத்துக்கு வந்த பெரியவர்கள். எங்கே பார்த்தாலும் 'என் பெயரால் வேண்டாம்' என்ற அட்டை. அந்த அம்மாவும் அதையேதான் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, தன் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

இத்தனை பேர் சொன்னால் நின்றுவிடும் என்று நம்பித்தான் வீட்டுக்கு வந்தோம். நிற்கவில்லை. மார்ச் 17 அன்று ராபின் குக் போரை ஏற்க முடியாது என்று அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவர் பேசி முடித்ததும், கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த நாடாளுமன்றத்தில் கைதட்டினார்கள். மறுநாள் வாக்கெடுப்பு. பிளேரின் சொந்தக் கட்சியில் 139 பேர் போருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள், அது தோற்றது. ஆனால் கன்சர்வேடிவ் கட்சியின் ஆதரவு இருந்தது, 412-க்கு 149 என்று தீர்மானம் நிறைவேறியது. மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குண்டு விழத் தொடங்கியதும் கருத்துக்கணிப்புகளில் போருக்கு ஆதரவு கூடிவிட்டது. நம் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள், இப்போது எதிர்த்துப் பேசினால் அவர்கள் மனசு உடையும் என்ற நினைப்பு. போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட் கட்சியே, இனிப் படையினருக்குத் துணை நிற்போம் என்றது. பக்கத்து வீட்டு அம்மாவும் ஜன்னலில் வைத்திருந்த அட்டையை எடுத்துவிட்டார். மனம் மாறவில்லை, எந்த நேரத்தில் போன் வருமோ என்ற நடுக்கம். அந்த மாதங்களில் அவர் வீட்டில் டிவி ஓடவே இல்லை.

தேடிய ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2009-க்குள் பிரிட்டன் படையினர் 179 பேர் இறந்தார்கள். இறந்த ஈராக்கியர் லட்சத்துக்கும் மேல். அதை நினைக்காமல் இந்த 179-ஐ மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2016 ஜூலையில்தான் இந்தப் போரைப் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கை வந்தது. அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போனார்கள், அன்றைக்குப் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. ஹைட் பார்க்கில் நின்றவர்கள் 13 ஆண்டுக்கு முன்பே சொன்னதுதான்.

அப்படியானால் நடந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். 2013 ஆகஸ்டில் சிரியா மீது ராணுவ நடவடிக்கைக்கு அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் கேட்டார். 285-க்கு 272 என்று தோற்றார், ஏற்றுக்கொண்டு அந்த முயற்சியைக் கைவிட்டார். அன்று அந்த அவையில் ஈராக்கின் நினைவு இருந்தது. ஆனால் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று இங்கே சட்டம் கிடையாது, அது வழக்கம்தான். 2018-ல் பிரதமராக இருந்த தெரசா மே வாக்கெடுப்பு இல்லாமலே சிரியாவில் குண்டு வீசச் சொன்னார்.

சிவப்புப் பூவுக்கு வருகிறேன். முதல் உலகப் போரில் செத்தவர்களை நினைத்துத் தொடங்கிய பழக்கம் அது. பூ விற்ற பணம் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற தொண்டு அமைப்பு மூலம் முன்னாள் படையினருக்கும் குடும்பங்களுக்கும் போகிறது. அந்தப் போரில் நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்களும் பத்து லட்சத்துக்கு மேல், அதனால் அது நமக்கு அந்நியமான பூ இல்லை. போரே வேண்டாம் என்பவர்கள் 1930-களிலிருந்து வெள்ளைப் பூ குத்துகிறார்கள். சிலர் இரண்டையும் சேர்த்துக் குத்துவார்கள், சிலர் எதுவும் குத்த மாட்டார்கள். யாரிடமும் ஏன் என்று கேட்காதீர்கள். நீங்களும் கட்டாயத்துக்காகக் குத்த வேண்டியதில்லை.

சரி, வாய் திறக்கலாமா? தாராளமாக. அமைதியான ஊர்வலத்தில் நடக்க விசா தடையில்லை. தடை செய்யப்பட்ட இயக்கத்தின் கொடியை மட்டும் எக்காரணத்துக்கும் கையில் எடுக்காதீர்கள், அது பயங்கரவாதச் சட்டத்தில் குற்றம். தண்டனை ஏதாவது விழுந்தால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். போலீஸ் கலையச் சொன்னால் கலைந்துவிடுங்கள். ஈழத்தில் கடைசிப் போர் நடந்த 2009-ல் நம் தமிழர்கள் இங்கே நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். பிரையன் ஹா என்ற போர் எதிர்ப்பாளர் 2001 முதல் இரவு பகலாகக் குடில் போட்டிருந்ததும் அதே சதுக்கத்தில்தான்.

இன்னொன்று, புதிதாக வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், இங்கே முறையாக வசிக்கிற உங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலிலேயே வோட்டு உண்டு. குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள், வோட்டு இருக்கிறதோ இல்லையோ, தொகுதியில் வசிக்கிற யாரும் எழுதலாம்.

அந்த அம்மாவின் மகன் உயிரோடு திரும்பி வந்தான். ஈராக்கின் பாஸ்ரா நகரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, வீட்டைக் காலி செய்த அன்று அந்தக் கையெழுத்து அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை. ஈஸ்ட் ஹாம் பக்கம் வந்தால் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.