மாதம் நூறு விண்ணப்பம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பிசிஏ முடித்து, சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் மூன்று வருடம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன். அங்கே வரும் சில பேருக்கு ரெஸ்யூமைச் சரிசெய்து, நௌக்ரி, லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் வேலைக்குப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு இன்டர்வியூ வந்தது. இதையே தனித் தொழிலாகச் செய்ய நினைக்கிறேன். மாதம் 1,500 ரூபாய். அவர்களுடைய ஐடி, பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மாதம் நூறு விண்ணப்பம் போட்டுவிடுவேன். 3,000 ரூபாய் கட்டினால் இன்டர்வியூ கேரண்டி. டிஎன்பிஎஸ்சி, ரயில்வே விண்ணப்பங்களும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கும் கேட்கிறார்கள். தானாகவே விண்ணப்பம் போடும் ஏஐ கருவிகள் வந்துவிட்டதால் வேலையும் சுலபம். ஆனால் மச்சான், "இது புரோக்கர் வேலை, வேற பொழப்பப் பாரு" என்கிறார். அடுத்தவருக்காக வேலைக்கு விண்ணப்பிப்பது தப்பா அண்ணே? மதுரைப் பக்கம் இது ஓடுமா? சென்டர் வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)
திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

மச்சானின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஒரு திங்கட்கிழமை காலையில் மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறார்கள். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது என்று வந்தவர் அரை மணி நேரம் சொல்வதை ஒரு பக்கத்தில் அடக்கி, யாருக்கு எழுதுகிறோம், என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாக்கி, கடைசியில் மனுதாரரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள். அதற்குக் காசும் வாங்குகிறார்கள். அவர்களை யாரும் புரோக்கர் என்பதில்லை. பட்டா வாங்கித் தருகிறேன் என்று அவர்கள் சொல்வதில்லை, மனுதாரரின் கையெழுத்தை அவர்களே போடுவதும் இல்லை. உங்கள் திட்டத்தில் இந்த இரண்டுமே இருக்கிறது. கேரண்டி ஒன்று, பாஸ்வேர்டு இன்னொன்று. காசு வாங்குவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

இப்போது அந்த நூறு. 1,500 ரூபாய்க்கு நூறு என்றால் ஒரு விண்ணப்பத்துக்கு 15 ரூபாய். விளம்பரத்தைப் படித்து, ஆள் பொருந்துவாரா என்று பார்த்து, ரெஸ்யூமில் இரண்டு வரி மாற்றி, படிவத்தை நிரப்பக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். நூறுக்கு 25 மணி நேரம். அதாவது மணிக்கு 60 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு 480. கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். அதனால் நீங்கள் கால் மணி நேரம் செலவழிக்க மாட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடுவீர்கள், அல்லது அந்த ஏஐ கருவி தள்ளிவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை, கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விடும்.

அப்படித் தள்ளிய விண்ணப்பம் மறுமுனையில் எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எழுத்து மட்டுமே பிழைப்பு என்று ஆவதற்கு முன்னால் கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த பையனின் ரெஸ்யூமில் முதல் வரி, செவிலியர் துறையில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்று இருக்கும். ஏதோ ஒரு சென்டரில், முன்னால் வந்துபோன பெண்ணின் ஃபைலைத் திறந்து பெயரையும் படிப்பையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பையன் அதைப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இங்கிலீஷில் இருக்கிறது, அழகாக பிரிண்ட் வந்திருக்கிறது, போதும் என்று வாங்கிப் போயிருப்பான்.

நூறு விண்ணப்பத்தில் போன் வராது என்று சொல்லவில்லை. வரும். வரும்போதுதான் கதை ஆரம்பிக்கும். பையன் வில்லாபுரம் பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருப்பான்.

"குவாலிட்டி இன்ஸ்பெக்டர் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணியிருந்தீங்கல்ல?"

"எந்த கம்பெனி சார்?"

"ஓசூர்லருந்து பேசுறோம்."

"ஓசூரா?"

அவ்வளவுதான், அந்த வேலை போய்விட்டது. பையனுக்கு அந்த வேலை தெரிந்திருக்கும், போட்டது மட்டும் தெரியாது. இன்னொன்றும் நடக்கும். எதிர்பார்க்கும் சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும் என்று படிவத்தில் கேட்பார்கள். நீங்கள் ஒரு இடத்தில் 22,000 என்று போடுவீர்கள், அடுத்த மாதம் அதே கம்பெனிக்கு வேறு போஸ்ட்டுக்குப் போடும்போது 28,000 என்று போடுவீர்கள். அவர்கள் சிஸ்டத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏற்கெனவே ஒரு கன்சல்டன்சி அதே பையனை அந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் இன்னும் வம்பு. யார் அனுப்பிய ஆள் என்ற தகராறில் ஆளையே ஒதுக்கிவிடுவார்கள். கன்சல்டன்சியில் இருந்த உங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

பாஸ்வேர்டு விஷயம் சுருக்கமாக. லிங்க்ட்இன் தன் விதிமுறைகளிலேயே கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, தானியங்கிக் கருவிகளை ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கண்டுபிடித்தால் முடக்குவது வாடிக்கையாளரின் கணக்கைத்தான், உங்களுடையதை இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் ஒரு சட்டமும் வந்துவிட்டது. ஆதார் நகல், மார்க் ஷீட் எல்லாம் சென்டர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஆள் பேரில் கிடக்கிற பழக்கத்தை நீங்கள் தொழில் தொடங்கும் அன்றே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் நீங்கள் தயார் செய்யுங்கள், படிவத்தை நிரப்பி வையுங்கள். சப்மிட் பட்டனை அவர் கையால், அவருடைய போனில் அமுக்கட்டும்.

அரசுத் தேர்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் உங்களிடம் முதலில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையை எத்தனை பேர் முழுதாகப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதில், விண்ணப்பத்தில் உள்ள தகவல்களுக்கு விண்ணப்பதாரரே முழுப் பொறுப்பு, தவறு நேர்ந்தால் விண்ணப்பித்துக் கொடுத்த இணைய சேவை மையத்தைக் குற்றம் சொல்லக் கூடாது என்ற பொருளில் ஒரு பத்தியே இருக்கிறது. உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதிய பத்தி அது. நீங்கள் தப்பாக அமுக்கியதற்கு உங்களிடம் விண்ணப்பிக்க வந்த பெண்ணின் ஒரு வருடம் போகும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சட்டப்படி ஒன்றும் ஆகாது என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

எங்கெல்லாம் தப்பு நடக்கும்? தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் ஆம் என்று டிக் அடிக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ் வேண்டும். கல்லூரி மட்டும் தமிழ் வழி என்றால் போதாது. சென்டரில் இருப்பவர் "தமிழ் மீடியம்தானம்மா?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் டிக் அடித்துவிடுவார். வினை சான்றிதழ் சரிபார்ப்பின்போது வந்து நிற்கும். அடுத்து, டிஎன்பிஎஸ்சியின் நிரந்தரப் பதிவு என்ற ஒருமுறைப் பதிவு. 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஆதாரோடு இணைந்தது. அதைத் தொடங்கும்போது அவசரத்துக்கு சென்டர்காரர் தன் மெயில் ஐடியையும் தன் போன் நம்பரையும் போட்டுவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து அந்த சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை மீட்கும் செய்தி எங்கே போகும்?

ரயில்வேயில் இன்னொரு கூத்து. பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், முதல் கட்டக் கணினித் தேர்வை எழுதினால் 400 திரும்ப வரும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 250, அது வங்கிக் கட்டணம் போக முழுவதும் திரும்ப வரும். எந்தக் கணக்குக்கு? விண்ணப்பத்தில் கொடுத்த கணக்குக்கு. அங்கே யாருடைய கணக்கு எண் இருக்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்புறம், ஒரே அறிவிக்கைக்கு இரண்டு ரயில்வே தேர்வு வாரியங்களுக்குப் போட்டால் விண்ணப்பம் நிராகரிப்புதான். நிறையப் போடுவது என்ற உங்கள் முறை இங்கே ஆளையே கவிழ்த்துவிடும். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, அவர்களிடம் நீங்கள் வாங்குவது உங்கள் கூலி மட்டும்தான் என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.

கேரண்டிக்கு வருகிறேன். நீங்கள் இன்டர்வியூவுக்குத்தான் கேரண்டி என்பீர்கள். உசிலம்பட்டியிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அதைக் கேட்கவே மாட்டார். முந்தானையில் முடிந்த 3,000 ரூபாயை எடுத்துக் கொடுக்கும்போது அவர் மனதில் இருப்பது வேலை. "எப்ப ஆர்டர் வரும் தம்பி?" என்று அடுத்த வாரம் போன் பண்ணுவார். மூன்றாவது மாதம் அவருடைய தம்பி நாலு பேரோடு கடைக்கு வருவார். வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றினார் என்ற செய்தி நம் ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வருகிறது. அந்த வரிக்குள் உங்கள் பேர் நுழைய வழி வைக்காதீர்கள். 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு கேரண்டி என்ற சொல்லை வாயில் எடுப்பதே தப்பு. அந்த 3,000 ரூபாய்த் திட்டத்தை முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

வெளிநாடு வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக்கு ஆள் எடுத்து அனுப்ப 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும். சிங்கப்பூருக்கு, துபாய்க்கு என்று யாராவது கேட்டு வந்தால், கூட்டிப்போகும் ஏஜென்சி மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவானதா என்று காசு வாங்காமல் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள். அதுவே பெரிய உதவி.

சரி, பிறகு எதை விற்பது? உங்கள் கையில் இருக்கும் சரக்கை நீங்களே கவனிக்கவில்லை. மூன்று வருடம் மறுபக்கம் உட்கார்ந்து நௌக்ரியின் ரெஸ்யூம் கிடங்கான ரெஸ்டெக்ஸில் வார்த்தைகளைத் தட்டி ஆள் தேடியவர் நீங்கள். எந்த வார்த்தை இருந்தால் ஒரு ரெஸ்யூம் மேலே வரும் என்பது உங்களுக்குத் தெரியும், திருமங்கலத்தில் வேறு யாருக்குத் தெரியும்? ஐடிஐ முடித்துக் கோயம்புத்தூரில் நாலு வருடம் சிஎன்சி என்ற கணினி மெஷின் ஓட்டிய ஒருவன் வருகிறான் என்று வையுங்கள். அவன் ரெஸ்யூமில் கடின உழைப்பாளி, நேர்மையானவன் என்று இருக்கும். எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மெஷின்? கண்ட்ரோல் ஃபனுக்கா, சீமென்ஸா? டிராயிங் பார்க்கத் தெரியுமா? மைக்ரோமீட்டர் வைத்து நீயே அளப்பாயா, இன்ஸ்பெக்டர் வந்து அளப்பாரா? ஆஃப்செட் நீயே போடுவாயா? முக்கால் மணி நேரம் கேட்டால் அவனுக்கே தெரியாமல் அவனிடம் இருந்ததெல்லாம் தாளுக்கு வரும். இதற்கு 500 ரூபாய் வாங்குங்கள், தயங்காமல் வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், பிள்ளை பெற்று நாலு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐடி பூங்கா பக்கம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கும் பெண், திருப்பூரில் மில்லில் நின்றுகொண்டே வேறு வேலை தேடும் பேரையூர்ப் பையன், இவர்களுக்கு நேரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் இவர்கள்.

மாதம் பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு விண்ணப்பம். ஒவ்வொன்றையும் போடும் முன் வாட்ஸ்அப்பில் கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகே போட வேண்டும். ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கம்பெனி, ஊர், என்ன போஸ்ட், என்ன சம்பளம் சொன்னோம், எந்த ரெஸ்யூம் போனது. அதன் படம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் போகட்டும். ஓசூரிலிருந்து போன் வந்தால் அவர் "ஆமா சார்" என்று சொல்ல முடியும். இதற்கு மாதம் 1,000 வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் போதும். ஏஐ கருவியை விளம்பரம் தேடவும் இங்கிலீஷ் திருத்தவும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

இலவசமாகக் கிடைப்பதை மறைக்காதீர்கள். கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, வேலைவாய்ப்பு முகாம்கள் அறிவிக்கிறார்கள், தனியார் வேலைக்கு அரசே ஒரு தளம் வைத்திருக்கிறது. இதைச் சொல்லி அனுப்பினால் ஆள் போய்விடுவார் என்று பயப்பட வேண்டாம், ஊரில் வாய்வழியாகத்தான் பேர் பரவும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், அதைப் போட்டுத் தர யாராவது உங்களிடமே காசு கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி தொல்லையும் இல்லை.

சென்டர் வேலையை இப்போது விடாதீர்கள். ஆனால் அடுத்த குரூப் 4 அறிவிக்கை வரும் வரை பொறுத்திருந்து, கடையில் வரிசை வாசல் வரை நிற்கும் ஒரு நாளாகப் பார்த்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஓரத்து மேஜை ஒன்று வேண்டும் என்று ஓனரிடம் கேளுங்கள். அன்றைக்கு உங்களை விட்டால் அவருக்கு ஆள் கிடையாது. வாடகை பேச மாட்டார்.

அன்புடன்.