துதிக்கை லை-யோட சுழி மையில அடைஞ்சு போகுதா?

பேனா மேல தப்பு இல்லங்க, பேப்பர்தான் மையை குடிக்குது. பாட்டிக்கு அவங்க ஸ்டைல்லயே, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த, யானைத் துதிக்கை மாதிரி வளைவு வச்ச லை, னை போட்டு லெட்டர் எழுதுறேன், சுழி எல்லாம் கரும்புள்ளி ஆகுதுன்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு நிப்பை மாத்தி மாத்தி காச விடாதீங்க.

பாண்டில வாங்குற கையால செஞ்ச பேப்பர் நிறைய பருத்தித் துணிக்கழிவுல செய்றது, பசை ஏத்தியிருந்தாதான் மை மேல நிக்கும், கவர், பை செய்யுற தாள்ல அது கம்மியா இருக்கலாம்.

மூலையில ஒரு சொட்டு தண்ணி வைங்க. முத்து மாதிரி நின்னா நல்ல தாள். உடனே இழுத்துக்கிட்டா ஒரு கப் வெந்நீர்ல ஒரு டீஸ்பூன் ஜெலட்டின் கரைச்சு பிரஷ்ல லேசா பூசி, நல்லா காய வச்சு, கனமான புக்குக்கு அடியில ஒரு ராத்திரி வைங்க. சுழிக்குள்ள அந்த துளி வெள்ளை தெரியணும், அப்பதான் துதிக்கை தூக்கின மாதிரி அழகா நிக்கும்!

ஒண்ணு மட்டும், மழை நாள்ல கடல் காத்துல தாள் ஈரம் இழுத்தா மை திரும்ப பரவும். அதுக்காக, காஞ்சா தண்ணில கரையாத இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனால ஊத்திடாதீங்க, உள்ள காஞ்சு அடைச்சுக்கும்.