பொம்மை வேஷத்தைக் கண்டு அலறும் பிள்ளையும் மே மாதப் பயணமும்

கேள்வி: நாங்கள் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மே மாத விடுமுறையில் நானும் பிள்ளைகளும் திருச்சியிலிருந்து விமானத்தில் அங்கே போகிறோம். அங்கே செந்தோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு மே தினத்தன்று அழைத்துப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார். எட்டு வயது மகள் அங்கே மினியன், எல்மோ போன்ற கார்ட்டூன், பொம்மைப் பாத்திரங்களின் வேஷத்தில் வருபவர்களோடு படம் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறாள். மூன்றரை வயது மகனை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. சென்ற தையில் கும்பகோணத்தில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில், வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றவர் அவனைக் கட்டிக்கொள்ள வந்ததும் அலறி, அன்றிரவு முழுவதும் திடுக்கிட்டு எழுந்தான். மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். "காசு கொடுத்துப் பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டப் போகிறீர்களா?" என்று இப்போதும் கேட்கிறார். கணவரோ, "வாய்க்காலில் தூக்கிப் போட்டுத்தானே எங்களுக்கு நீச்சல் பழக்கினார்கள், பக்கத்தில் நிறுத்தினால் பயம் தெளிந்துவிடும்" என்கிறார். இதற்கிடையில் மகள், "உள்ளே ஆள்தானே இருக்கிறார்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் யோசனையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தடுத்தே ஆக வேண்டியது அது ஒன்றுதான். வாய்க்கால் தண்ணீர் பிள்ளையைத் தேடி வருவதில்லை, கையை நீட்டிக் கட்டிப்பிடிப்பதும் இல்லை. வேஷம் போட்டவர் இரண்டையும் செய்வார். அலறும் பிள்ளையை இழுத்துப் போய் அவர் பக்கத்தில் நிறுத்தினால், பயத்தோடு சேர்த்து, தன்னை அங்கே கொண்டுபோய் விட்டது தன் அப்பாதான் என்பதும் அவன் மனதில் பதியும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் ஒரு தகப்பனுக்கு அது மிகப் பெரிய நஷ்டம் என்பதை நீங்கள்தான் அவருக்குப் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றரை வயதில் இந்தப் பயம் வருவது பிள்ளையின் குறையல்ல, கண்ணேறும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டெவ்ரீஸ் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. மேனார்ட் என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் தடவிப் பார்க்கக் கொடுத்தார்; பிறகு பூனையின் பின்பாதி கண்ணுக்குத் தெரியும்படியே வைத்து, முன்பாதியை மட்டும் மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டித் திருப்பிக் காட்டினார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது முகமூடி போட்ட பூனைதான் என்பதில் சந்தேகம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், வாலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தும், அது நாயாகிவிட்டது என்றே சொன்னார்கள். ஆகவே "உள்ளே ஆள் இருக்கிறார், பயப்படாதே" என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் உங்கள் மகனுக்கு அது உதவாது. அவன் கண்ணுக்கு முன்னால் நிற்பது கரடி, அதுவும் அப்பாவைவிடப் பெரிய கரடி.

அந்தக் கல்யாண வாசலில் நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய முழுத்தலை வேஷங்களில் உள்ளே இருப்பவருக்கு வாய்ப்பகுதியிலோ கண்பகுதியிலோ உள்ள சிறு வலைத்துணி வழியாகத்தான் வெளியுலகம் தெரியும். கீழேயும் பக்கவாட்டிலும் அநேகமாக ஒன்றும் தெரியாது. இடுப்பு உயரத்தில் நின்று நடுங்கும் பிள்ளையின் முகம் அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்படிப்பட்ட பெரிய பூங்காக்களில் ஒவ்வொரு வேஷத்தின் பக்கத்திலும் சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அவர்தான் வேஷக்காரருக்குக் கண். வெயிலில் வேஷக்காரர் தளர்ந்துவிடாதபடி நேரம் பார்த்து உள்ளே அழைத்துப் போவதும் அந்தப் பணியாளரே. வாடகைக்கு வேஷம் எடுத்து வாசலில் தனியாக நிறுத்தப்படும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை, பாவம். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

பயணத்துக்கு முன்னால் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், உங்கள் வட்டத்திலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பேன். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள்; அதுவும் சித்திரை, வைகாசியில்தான் வருகிறது. பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வெளிப்படும் கட்டம் விடியற்காலையை நெருங்கி வருவது, பெரியவர்களுக்கே உடல் சிலிர்ப்பது. அதற்கு இந்தப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது கோணங்கி என்ற கோமாளி துள்ளிக்கொண்டு வருவதையும், அவன் பின்னால் ஒரு சிறுவன் பிள்ளையார் முகமூடியோடு வந்து ஆடுவதையும், கூட்டத்தின் ஓரத்தில் உங்கள் மடியில் இருந்தபடி அவன் பார்க்கலாம். பிள்ளையார் முகத்துக்குக் கீழே தன் அக்கா உயரத்துச் சிறுவனின் கையும் காலும் தெரியும். பக்கத்தில் வருவாரோ என்ற பயமும் இருக்காது, ஏனென்றால் அவர் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. தேதி பொருந்தாவிட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் வரும் பொய்க்கால் குதிரையும் இதே வேலையைச் செய்யும். குதிரையும் அதைக் கட்டிக்கொண்டு ஆடும் மனிதரின் முகமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், மூன்று வயதுக்கும் அது புரியும்.

வீட்டில் காகிதத்தட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டு ஒரு முகமூடி செய்யுங்கள். அதை முதலில் அவன் போட்டுக்கொள்ளட்டும். அவனைப் பார்த்து நீங்கள் பயப்படுங்கள். பிறகு, அவன் கேட்டால் மட்டும், அவன் எதிரிலேயே நீங்கள் மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள். இதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரியாது. இன்னொன்று: சோறு ஊட்டும்போது "சாப்பிடாவிட்டால் அந்தக் கரடியைக் கூப்பிடுவேன்" என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அது இன்றோடு நிற்க வேண்டும். உங்கள் மாமியார் பூச்சாண்டி என்று சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பூச்சாண்டியைப் பெரும்பாலும் நாம்தான் வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். அவர் சுற்றிப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன், பாட்டியின் கை மேலே பட்டால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் அடங்கும்.

பூங்காவில், வேஷங்களைச் சந்திக்கும் வரிசையில் உங்கள் கணவரும் மகளும் மட்டும் நிற்கட்டும். வரிசை என்பது பயந்த பிள்ளைக்கு மிகக் கெட்ட இடம், ஏனென்றால் ஒவ்வோர் அடியும் அவனைப் பயத்தின் பக்கமே கொண்டு போகிறது, நடுவில் விலகிக்கொள்ளவும் வழியில்லை. நீங்கள் அவனோடு ஒரு நல்ல தூரத்தில் உட்கார்ந்து, அக்கா என்ன செய்கிறாள் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். அவன் கேட்டால் நாலு அடி முன்னே போகலாம். போதும் என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். தூரத்திலிருந்து கையசைத்தால் வேஷக்காரர்கள் திரும்பக் கையசைப்பார்கள், அதுவே அவனுக்கு ஒரு சந்திப்புதான். சற்று நெருங்கத் துணிந்தால், பணியாளரிடம் "பிள்ளை பயப்படுகிறான், கட்டிப்பிடிக்க வேண்டாம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள்; அவர்களுக்கு இது தினமும் நடக்கும் விஷயம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் மினியனோ எல்மோவோ போதும். டிரான்ஸ்பார்மர்ஸ் படத்தில் வரும் இயந்திர மனிதர்களின் வேஷங்கள் ஆளைவிட உயரமாக இருப்பதோடு, கரகரத்த குரலில் பேசவும் செய்யும். அந்தப் பக்கம் மகனைக் கொண்டு போகவே வேண்டாம். நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பதால், அவனுக்காகக் கொடுத்த காசு வீணாகிறது என்ற எண்ணமும் உங்களுக்கு வர வேண்டாம்.

பூங்காவுக்குப் போகும் தேதியை மட்டும் மாற்றப் பாருங்கள். மே தினம் சிங்கப்பூரிலும் பொது விடுமுறை. அங்குள்ளவர்களும் பிள்ளைகளோடு அன்றுதான் கிளம்புவார்கள். அவர்களுடைய பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால், மே முதல் இரண்டு மூன்று வாரங்களில், விசாக தின (புத்தர் பிறந்தநாள்) விடுமுறையைத் தவிர்த்த ஒரு வார நாள் கிடைத்தால் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. கணவருக்கு மே தினத்தன்று மட்டும்தான் விடுப்பு என்றால், கதவு திறக்கும் நேரத்துக்கே போய், அன்றைய சந்திப்பு நேரங்களைப் பூங்காவின் செயலியில் பார்த்துக்கொண்டு, மகளின் ஆசையை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் அங்கே இடியும் மழையும் சகஜம், திறந்தவெளிச் சந்திப்புகள் நின்றுபோகலாம். தூக்கமும் பசியும் சேர்ந்த நேரத்தில் மகனுக்கும் தைரியம் இருக்காது.

மகள் கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். எட்டு வயதில் அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது, நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்றுதான் பார்க்கிறாள். ஆமாம், உள்ளே ஒருவர் இருக்கிறார், கனமான உடையில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னால் அவளுடைய ஆசை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மெலட்டூரில் நரசிம்மர் வேஷம் கட்டுபவர் யார், அவர் எந்த வீட்டுக்காரர் என்று ஊருக்கே தெரியும். அவர் விரதம் இருந்து, பூஜையில் வைத்த அந்த முகத்தை அணிந்து வரும்போது அதே ஊர்தான் கைகூப்புகிறது. அமெரிக்காவில் 1955-இல் டிஸ்னிலாந்து திறந்தபோது, அங்கே நின்ற வேஷங்கள் ஒரு பனிச்சறுக்கு ஆட்டக் குழுவிடம் இரவல் வாங்கியவை என்ற கதையையும் அவளுக்குச் சொல்லலாம், ரசிப்பாள். வரிசையில் மற்றப் பிள்ளைகள் காதுபட இதைப் பேசக் கூடாது, வேஷத்தின் பின்னால் போய் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது, முன்பக்கமாகவே போக வேண்டும் என்ற மூன்றையும் அவளிடம் முன்பே சொல்லி வையுங்கள். கையெழுத்து வாங்க ஆசைப்பட்டால், கையுறை போட்ட விரல்கள் பிடிக்கும்படி தடித்த பேனாவாக எடுத்துப் போகட்டும்.

அன்று மகன் கடைசி வரை பக்கத்தில் போகாவிட்டால், அக்காவின் படத்தோடு விட்டுவிட்டு மேலே நடங்கள். இரவு ஊருக்குப் போன் செய்து பாட்டியிடம் பேசும்போது, "இவன் பயந்துகொண்டு ஓடிவிட்டான்" என்று அவன் காதுபட யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து எல்மோவுக்குக் கையசைத்தான் என்றால், அதை அவனே பாட்டியிடம் சொல்லட்டும்.