அப்பாவுக்குக் கடன் கொடுப்பீர்களா?

கேள்வி: ஐயா, நான் பி.இ. மெக்கானிக்கல். வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. மெயின்ஸ் தேறி, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். அப்பா பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறார். நான் தமிழ் மீடியம், ஆங்கிலம் தடுமாறும். 'இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறாய்?' என்று கேட்டால் என்ன சொல்வது? ரிப்போ ரேட்டில் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) ஆரம்பித்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: மனப்பாடம் போதும்மா. அதையெல்லாம் மெயின்ஸிலேயே சோதித்துவிட்டார்கள். ரிப்போ ரேட் அன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்தால் சரி. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்பதுதான் விகிதம். அதற்காக அலட்சியம் வேண்டாம். நேர்முகத்தில் பொதுப் பிரிவினர் 40 சதவீதமும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் 35 சதவீதமும் எடுக்காவிட்டால் மெயின்ஸ் மார்க் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

வங்கி மேலாளராக இருந்து, பேனலிலும் உட்கார்ந்தவன் சொல்கிறேன். எங்கள் கையில் இருப்பது உங்கள் பயோடேட்டா. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது புதுக் கேள்வி யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அதில் கண்ணில் படுவதைக் கேட்போம். 'திருப்பூர், ஜாப் ஒர்க்' என்று பார்த்தால் நான் கேட்பது இதுதான்: "உங்கள் அப்பாவே கடன் கேட்டு வந்தால் கொடுப்பீர்களா?"

கொடுப்பேன் என்றாலும் வம்பு, மாட்டேன் என்றாலும் வம்பு. "சொந்தக்காரர் கடனை நான் அனுமதிக்கக் கூடாது சார், வேறு அதிகாரிதான் பார்க்க வேண்டும்" என்பதுதான் விதிப்படி சரியான பதில். உடனே அடுத்தது வரும்: "சரி, அதே தொழில் செய்யும் வேறொருவர் வந்தால்?"

அதற்கான பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இன்று ராத்திரி அப்பாவிடம் பில் நோட்டை வாங்கிப் பாருங்கள். பீஸுக்கு என்ன ரேட், பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது, சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் கொடுக்க எங்கே புரட்டுகிறார் என்று கேளுங்கள். உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். கம்பெனிக்காரரோ 'ஏற்றுமதிப் பணம் வரட்டும்' என்று இழுப்பார். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிவிடும். வாரா வாரம் கூலி, வரவேண்டிய பணமோ எப்போதோ. அந்த இடைவெளிக்குத்தான் நடைமுறை மூலதனக் கடன். இதை அப்பாவின் கணக்கையே வைத்துச் சொல்லுங்கள், பேனலில் தூங்கிக்கொண்டிருப்பவரும் நிமிர்வார்.

'ஏன் வங்கி' என்பதற்கும் இதிலிருந்தே பதில் வரும். பழைய ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று கணிக்கத் தெரிந்த அதிகாரி கடன் பிரிவில் இருந்தால் வங்கிக்கு லாபம். நாட்டுக்குச் சேவை செய்ய வந்தேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அன்று காலையிலேயே நாலு பேர் அதைச் சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலமா? சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தெரிந்த விஷயத்தைப் பேசும்போது தடுமாற்றம் பாதி குறையும். தெரியாததை 'தெரியாது சார்' என்று சொல்லி விட்டுவிடுங்கள். ஊகித்துச் சொன்னால் அதிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும்.

கேள்வி: நேர்முகத்துக்குச் சேலையா, சுடிதாரா?
- வாசகி, கரூர்

பதில்: எதை உடுத்தினால் அடிக்கடி சரிசெய்யத் தோன்றாதோ அது. புதுச் செருப்பு வேண்டாம், காத்திருப்பு நேரம் அதிகம்.

கேள்வி: என்னிடம் எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. வங்கி நேர்முகத்துக்கு அது போதாதா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: போதாது. அது மாநில அரசு வேலைக்கு. வங்கிக்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதன் தேதி எதற்குள் இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள். சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அழைப்புக் கடிதம் வரட்டும் என்று இருக்காமல் இ-சேவை மையத்தில் இப்போதே மனுப் போடுங்கள். தாலுகா ஆபீஸ் உங்கள் தேதிக்காகக் காத்திருக்காது.