இவான்சுக், ஒட்டுக்கன்று, ஓர் எட்டாம் வகுப்பு மாணவி

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்க்காரன். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியர். வீட்டில் மாங்கன்று நர்சரி இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த சமயத்தில் எங்கள் பள்ளியில் தொடங்கிய செஸ் மன்றத்தை இன்றுவரை விடாமல் நடத்தி வருகிறேன்.

சென்ற மாதம் நீங்கள் உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் வாசிலி இவான்சுக்கைப் பற்றி எழுதியிருந்ததை மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவன் எழுந்து, "அவர் உலக சாம்பியனே ஆகவில்லையே சார், அவருடைய ஆட்டத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இன்னொன்று. அதைக் கேட்ட எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாவட்ட அளவிலான போட்டியில் முதல் நகர்த்தலாக ராணிப் பக்கத்தில் பி வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள். தோற்றுவிட்டாள். அங்கிருந்த ஒரு பயிற்சியாளர், "கம்ப்யூட்டர் சொல்லும் இருபது நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய வையுங்கள், இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்" என்று என்னிடம் கடிந்துகொண்டார். அவள் அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை. எல்லாவற்றையும் கணினியே சொல்லிவிடுகிற காலத்தில் தொடக்க ஆட்டத்தில் புதுமை என்று ஒன்று உண்டா? அவளை அப்படி ஆட விடலாமா?

ஒரு வாசகன், சந்தூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவியிலிருந்தே தொடங்குகிறேன். அவள் ஆடிய அந்த முதல் நகர்த்தலுக்கு ஒரு பெயர் உண்டு. டென்மார்க்கின் பென்ட் லார்சன் பெயரால் அதை லார்சன் தொடக்கம் என்கிறார்கள். 1970இல் பெல்கிரேடில் சோவியத் யூனியனும் உலக அணியும் மோதியபோது, உலக அணியின் முதல் பலகையில் உட்கார்ந்தவர் லார்சன். எதிரே அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. இரண்டாம் சுற்றில் லார்சன் இதே சிப்பாயை இதே ஒரு கட்டம் தள்ளினார். பதினேழே நகர்த்தல்களில் தோற்றார். செஸ் வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தோல்வி அது. ஆனால் மூன்றாம் சுற்றில் அதே ஸ்பாஸ்கியை அவர் வென்றார். இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். அவள் தோற்ற இடத்தில் அவளுக்கு முன்பே ஒரு பெரிய மனிதர் தோற்றிருக்கிறார், மறுபடி எழுந்து வந்து உட்கார்ந்தும் இருக்கிறார்.

இனி இவான்சுக். 1969இல் உக்ரைனின் கோபிச்சின்ட்சி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1991இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது 21. முதல் சுற்றிலேயே காஸ்பரோவ். 1985 முதல் உலக சாம்பியனாக இருந்த காஸ்பரோவ் கறுப்புக் காய்களில் சிசிலியன் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடினால், அவருடைய நிலத்துக்குள் போய்ச் சண்டையிட எல்லோருமே தயங்கிய காலம். இவான்சுக் அந்த நிலத்துக்குள் போகவே இல்லை. மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை பி5 என்ற கட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு செக் வைத்தார். ஒன்பது நகர்த்தல் முடிவதற்குள் தன் இரண்டு மந்திரிகளையும் எதிராளியின் இரண்டு குதிரைகளுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார். இரண்டு மந்திரிகள் கையில் இருப்பது சொத்து என்றுதான் நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அவர் அந்தச் சொத்தை முழுக்க காஸ்பரோவுக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு பன்னிரண்டாவது நகர்த்தலில் ராஜாவை ஜி1இலிருந்து ஹெச்1க்கு, ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தார். அவ்வளவுதான்.

அந்த ராஜா நகர்த்தலை நான் எத்தனை முறை பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. தாக்குதல் எதுவும் இல்லை, மிரட்டலும் இல்லை. 'எனக்கு அவசரமில்லை, உன் மந்திரிகளுக்குத் திறந்த வழி எங்கே என்று நீயே தேடிக்கொள்' என்பது போல இருக்கும். காஸ்பரோவ் தேடினார். அவருடைய ராணி பலகையின் குறுக்கே ஓடி ஓரத்தில் ஒதுங்கியது, அவருடைய ராஜா கோட்டைக்குள் போகவே முடியவில்லை. இவான்சுக்கின் சிப்பாய்கள் ராணிப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. முப்பத்தெட்டாவது நகர்த்தலில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதே போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவையும் வென்று, காஸ்பரோவை அரைப் புள்ளி பின்னால் தள்ளி, இவான்சுக் முதலிடம் பிடித்தார்.

உங்கள் நர்சரிக்கு வருகிறேன். நாட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, அந்தச் செடியின் தலையைச் சீவி, செந்தூராவின் குச்சி ஒன்றை ஆப்புப் போலச் செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறீர்கள். பழம் புதிது, ருசி புதிது. ஆனால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது நாட்டுச் செடியின் வேர். அந்த வேர் இல்லாமல் குச்சியை மட்டும் மண்ணில் நட்டால் நாலு நாளில் காய்ந்துவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவான்சுக்கின் புதுமைகளை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1996இல் நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸீ நகரில் கிராண்ட்மாஸ்டர் ஷிரோவுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தை உங்கள் மாணவர்களிடம் அவசியம் காட்டுங்கள். செமி-ஸ்லாவ் தொடக்கத்தில் போட்வின்னிக் கிளை. 1945இல் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே வானொலி வழியாக நடந்த போட்டியில் சோவியத் ஆட்டக்காரர் போட்வின்னிக் ஆடிக் காட்டி, அவர் பெயரே நிலைத்துவிட்ட கிளை அது. ஐம்பது ஆண்டுகளாக உலகத்தின் சிறந்த மூளைகள் அதைக் கிளறிப் பார்த்திருந்தன. ஷிரோவோ அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர். இவான்சுக் இருபதாவது நகர்த்தல் வரை ஏற்கெனவே தடம் பதிந்த பாதையில்தான் போனார். ராணி ஜி4க்கு வந்து செக் வைத்தது. ஷிரோவ் யானையை டி7இல் குறுக்கே வைத்து மறைத்தார். பிறகு இவான்சுக் ராணியை எடுத்து நேராக ஜி7இல் வைத்தார்.

நேற்று இரவு இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தபோது பழைய மரப்பலகையை எடுத்து அந்த இடம் வரை காய்களை வைத்தேன். என் வீட்டு ராணியின் தலையில் வார்னிஷ் உரிந்திருக்கிறது. அதை விரல்களால் தூக்கி ஜி7இல் வைக்கும்போது, முடிவு தெரிந்திருந்தும் கை ஒரு நொடி நிற்கிறது. ஏனென்றால் எஃப்8இல் கறுப்பு மந்திரி காத்திருக்கிறது. வெட்டுவதற்கு அதற்கு எந்தத் தடையும் இல்லை. வெட்டியது. எஃப்6இல் நின்ற வெள்ளைச் சிப்பாய் அந்த மந்திரியை வெட்டி ஜி7இல் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து மூலையிலுள்ள யானையை மிரட்டியது. யானை பக்கத்துக் கட்டத்துக்கு, ஜி8க்கு, நகர்ந்து அந்தச் சிப்பாயின் வழியை மறித்து நின்றுவிட்டது. ராணியைக் கொடுத்ததற்குக் கிடைத்தது ஒரு மந்திரி, ஏழாவது வரிசையில் ஒரு சிப்பாய். மறு பக்கத்தில் குதிரை சி5இல் இன்னொரு குதிரையை வெட்டுகிறது. மந்திரி பி7இல் மந்திரியை வெட்டுகிறது. கறுப்பு ராஜாவைச் சுற்றி ஓட்டு ஓட்டாகக் கூரை பிரிகிறது. முப்பத்தைந்தாவது நகர்த்தலில் ஷிரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்.

அந்த ராணி நகர்த்தலைத் தனியாகப் பார்த்தால் கிறுக்குத்தனம். அதற்கு முந்தைய இருபது நகர்த்தல்களின் வேர் அடியில் இருப்பதால்தான் அது நிற்கிறது. ஆகவே அந்தப் பயிற்சியாளரை நான் முழுக்க மறுக்கவில்லை. படிக்கத்தான் வேண்டும். ஆனால் மனப்பாடம் செய்பவர் இருபதாவது நகர்த்தலோடு நின்றுவிடுகிறார். இருபத்தொன்றாவதை யார் ஆடுவது?

இவான்சுக்கிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவர் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. ராஜா சிப்பாயிலும் தொடங்குவார், ராணிச் சிப்பாயிலும் தொடங்குவார், குதிரையிலும் தொடங்குவார். கறுப்பில் பிரெஞ்சு, சிசிலியன், காரோ-கான், குருன்ஃபெல்ட் என்று எதையும் ஆடுவார். 2013 லண்டன் கேண்டிடேட்ஸ் போட்டியில், உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு பந்தயத்தில் இருக்கும்போது, பெரிய ஆட்டக்காரர்கள் தொடவே யோசிக்கும், சிப்பாயைப் பலிகொடுத்துத் தொடங்கும் புடாபெஸ்ட் கேம்பிட்டை எடுத்து ஆடினார். எதிராளியின் தயாரிப்பு அவரிடம் செல்லாது. எதற்குத் தயாராவது என்றே தெரியாதே.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. அதே லண்டனில் பதினான்கு ஆட்டங்களில் ஐந்தைக் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தே இழந்தார். ஒவ்வொரு நிலையையும் முதல் முறை பார்ப்பவர் போலப் பார்ப்பவருக்கு இரண்டு மணி நேரம் போதாது. ஆனால் அதே போட்டியில் பன்னிரண்டாம் சுற்றில் கறுப்புக் காய்களோடு நார்வேயின் கார்ல்சனை வென்றார். கடைசிச் சுற்றில் ரஷ்யாவின் கிராம்னிக்கையும் வென்றார். அதே நாள் கார்ல்சனும் தோற்றிருந்தார். கார்ல்சனும் கிராம்னிக்கும் சமப் புள்ளிகளில் முதலிடத்தில் நிற்க, அதிக வெற்றிகள் பெற்றவர் என்ற விதியில் கார்ல்சன் தேறினார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னையில் ஆனந்த் யாரோடு மோதி, 6.5க்கு 3.5 என்று பட்டத்தை இழந்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அன்று தர்மபுரியில் டிவி முன்னால் வயிறு கலங்க உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சென்னைப் பலகையில் ஆனந்துக்கு எதிரே யார் உட்காருவது என்பதைத் தீர்மானித்ததில் இவான்சுக்கின் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் மாணவனின் கேள்விக்கு என் பதில் இதுதான். இவான்சுக் 2002இல் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் உலக சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றுவரை போய், தன் நாட்டு இளைஞர் பொனமரியோவிடம் தோற்றார். 2007இல் மின்னல் வேக ஆட்டமான பிளிட்ஸில் உலகப் பட்டம் வென்றார். 2016இல் தோஹாவில், 47 வயதில், கார்ல்சன் ஆடிய களத்தில் உலக ரேபிட் (விரைவு ஆட்ட) பட்டம் வென்றார். அன்று பதக்க மேடைக்குப் போகும் நேரம் வந்தபோதும் அவர் ஜார்ஜியாவின் ஜோபாவாவோடு செக்கர்ஸ் பலகையில் குனிந்திருந்தார். 2024 டிசம்பரில் நியூயார்க்கில், உலக பிளிட்ஸ் போட்டியில், நேரம் தீர்ந்து ஓர் ஆட்டத்தை இழந்தபோது 55 வயது மனிதர் எல்லோர் முன்னிலையிலும் அழுதார். காஸ்பரோவை வென்று முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு பிளிட்ஸ் ஆட்டம் அவருக்கு அவ்வளவு முக்கியம். அந்தப் பையன் பார்க்க வேண்டியது இதைத்தான். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். ஜி7இல் வைத்த ராணியைப் பலகையில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

கணினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினி ஒரு நிலையைச் சமம் என்று சொல்லலாம். அந்தச் சமத்தை எதிரே இருப்பவர் முப்பது நிமிடத்தில் கண்டுபிடிப்பாரா என்று அது சொல்லாது. 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் நம் ஆனந்த், கிராம்னிக்கை மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் கறுப்பில் வென்றது இதே செமி-ஸ்லாவ் குடும்பத்தில்தான். மாதக்கணக்கில் கணினிகளோடு உட்கார்ந்து தயாரித்த ஆயுதம் அது. ஆனாலும் எந்தக் கதவில் தட்டினால் கிராம்னிக் தடுமாறுவார் என்று தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். புதுமை தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் செஸ்ஸைக் கூட்டல் கழித்தலாகப் பார்க்கிறார்கள். கணித ஆசிரியரான உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும்.

உங்கள் மாணவியை ஆட விடுங்கள். தடுக்காதீர்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: பி சிப்பாயை ஏன் தள்ளினாய்? "இவான்சுக் மாதிரி வித்தியாசமாக ஆட வேண்டும் என்று" என்று சொன்னாள் என்றால் அவளை உட்கார வைத்து, பி2இல் வந்து நிற்கப்போகும் மந்திரி எந்தக் குறுக்குக் கோட்டைப் பார்க்கிறது, நடுக்கட்டங்களை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துப் பிறகு எப்படி அடிப்பது என்று பொறுமையாகக் காட்டுங்கள். ஸ்பாஸ்கி லார்சனை எப்படி அடித்தார் என்பதையும் காட்டுங்கள், மறைக்காதீர்கள். அந்தப் பதினேழு நகர்த்தல்களை அவள் தெரிந்துகொண்டாள் என்றால் அதுவே அவளுக்கு வேர். ஒருவேளை அவளே, "அந்த மந்திரி நீளக் கோட்டில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது" என்று சொன்னால், உங்களிடம் ஒரு நல்ல ஆட்டக்காரி இருக்கிறாள்.

அந்தப் போட்டியில் அவள் கைப்பட எழுதிய ஆட்டத்தாள் பத்திரமாக இருக்கிறதா? பிள்ளைகள் தோற்ற ஆட்டத்தின் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். இருந்தால் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவள் எந்த நகர்த்தலில் தோற்றாள் என்று பார்க்க வேண்டும். முதல் நகர்த்தலில் தோற்றிருக்க மாட்டாள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து