எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துக் கடல் தரையையும் மீனையும் திரையில் காட்டும் மிஷின்): இந்த முறை வந்த கேள்விகள்

50 கிலோஹெர்ட்ஸ் மிஷின் வாங்கலாமா, 200 வாங்கலாமா? (தரங்கம்பாடி)

என்ன படகு, எத்தனை பாகத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி ஆழம்) வலை விடுகிறீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், ஆழத்தைச் சொல்லாமல் கேட்காதீர்கள். 40 பாகத்துக்குள் தொழில் என்றால் 200 கிலோஹெர்ட்ஸ் போதும். அதைத் தாண்டி ஆழத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் 50.

முத்துப்பேட்டை காயலுக்கு எது நல்லது?

எதுவும் வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் கம்பை ஊன்றினாலே தரை தெரிந்துவிடும். அந்தப் பணத்தை வலைக்குப் போடுங்கள்.

நிற்கும்போது தரை தெரிகிறது, வேகம் எடுத்ததும் மறைந்துவிடுகிறது. மிஷின் பழுதா? (நாகை)

மிஷின் நன்றாகத்தான் இருக்கும், மாட்டிய இடம்தான் தப்பு. டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் பாகம், அதன் முகத்துக்கு அடியில் காற்றுக்குமிழி ஓடினால் எதிரொலி திரும்பி வராது. பின்பலகையில் மாட்டுவதானால் புரொப்பல்லரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றினால் வலது பக்கம், அடிமட்டத்துக்குச் சற்றே கீழே. அதற்கு முன்னால் படகின் அடியில் மேடான வரியோ தண்ணீர்த் துளையோ இருக்கக் கூடாது.

ஆனால் நம் கரையில் பாதிப் படகுகளை டிராக்டர் கட்டி மணலில் இழுத்து ஏற்றுகிறோமே, பின்பலகையில் தொங்குவது எத்தனை நாள் தாங்கும்? அதனால் படகுக்கு உள்ளே, அடித்தளத்தில் ஒட்டச் சொல்கிறோம். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாட்டிக்கொடுக்க வருகிறவர்கள் சிலர் பெயின்டைக்கூடச் சுரண்டாமல் சிலிகானை அப்பி அழுத்திவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், கடலில் போய்த் திரையைப் பார்த்துத் தலையில் கைவைப்பது படகுக்காரர்தான். அடியில் வெறும் பைபர் மட்டும் இருக்கும் இடமாகப் பாருங்கள். நடுவில் பிளைவுட்டோ தெர்மாகோலோ இருந்தால் ஒலி தாண்டாது. ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி அந்த இடத்தில் வைத்து, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடித்தபடி கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வேகத்திலும் தரை தெரிந்தால் அதுதான் இடம். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெதுவாக இறுகும் எபாக்ஸி ஊற்றி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் திருகித் திருகி அமுக்குங்கள். திறன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தண்ணீர்ச் சூடு மட்டும் சரியாகக் காட்டாது.

வலையில் வஞ்சிரம் விழுந்தது, திரையில் ஒன்றுமே காட்டவில்லையே?

வஞ்சிரத்துக்கு நெட்டி, அதாவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை, கிடையாது. பலமான எதிரொலி வருவது அந்தக் காற்றுப்பையிலிருந்துதான், ஊசிக்கணவாயும் சுறாவும்கூட மங்கலாகத்தான் தெரியும். தவிர, 10 மீட்டர் ஆழத்தில் 200 பார்க்கும் வட்டமே மூன்று, மூன்றரை மீட்டர்தான், மேலே ஓடும் மீனுக்கு இன்னும் குறுகல். மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிட்டு கோடுகளைப் படிக்கப் பழகுங்கள். பாசிக்கும் குமிழிக்கும்கூட அது மீன் படம் போடும்.

வயர் நீளமாக இருக்கிறது, வெட்டி இணைக்கலாமா? (பழையாறு)

வெட்டவே வெட்டாதீர்கள். சுருட்டிக் கட்டி, விஎச்எஃப் ரேடியோ வயரோடும் எஞ்சின் வயரோடும் சேராமல் தனியாக வையுங்கள். டிரான்ஸ்டியூசரை வயரைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம்.

ஜிபிஎஸ் சேர்ந்தது தேவையா? (கோடியக்கரை)

உங்களுக்குக் கட்டாயம் தேவை. இலங்கையோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கடல் எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. மிஷினுக்குத் தனியாக 12 வோல்ட் பேட்டரி வையுங்கள், பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள்.