கண்ணோரத்து வெண்புள்ளிக்கு எந்தக் களிம்பு?

கேள்வி: 14 வயதான என் மகளுக்குக் கண்ணிமையோரம் வெண்புள்ளி (தோல் நிறமிழக்கும் விட்டிலிகோ) உள்ளது. மருத்துவர் தந்த டாக்ரோலிமஸ் களிம்பை 6 வாரமாகத் தடவியும் மாற்றமில்லை, எரிச்சல் வேறு. அதை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இமைத்தோல் மிக மெல்லியது என்பதால், அங்கே வீரியமான ஸ்டீராய்டை நெடுநாள் தடவினால் தோல் மேலும் மெலிவதோடு கண்ணின் உள்ளழுத்தமும் உயரக்கூடும். உங்கள் மருத்துவர் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கும். எரிச்சல் பொதுவாகத் தொடக்க நாள்களுக்குப் பின் தணிந்துவிடும்; நீடித்தால் அவரிடமே சொல்லுங்கள். 6 வாரம் மிகக் குறைவு. நிறமிச் செல்கள் மயிர்க்கால்களிலிருந்து மெல்ல நகர்ந்து வருவதால், வெள்ளைத் திட்டுக்குள் முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளிகளே தென்படும். அதற்கே 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். முகத்தில் பலன் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். மயிர்க்கால் இல்லாத விரல்நுனியிலும் உதட்டிலும்தான் கடினம். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னலருகே, ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். வெண்புள்ளிக்கு 12 வயது முதல் பயன்படுத்த 2022இல் அமெரிக்கா அனுமதித்த ருக்சோலிட்டினிப் களிம்பைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். யாரேனும் இதை ‘வெண்குஷ்டம்’ என்றால், தொழுநோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை, இது தொற்றாது என்று மகளின் முன்னிலையிலேயே திருத்துங்கள்.